திரைக்குப் பின் நின்ற தமிழாசான்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

பொருநையாறு புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அதன் தெற்கே காயல்பட்டினமும் ஆறுமுகநேரியும் திருச்செந்தூரும் அடுத்தடுத்து அமைய, வடக்கே தூத்துக்குடி உப்பளங்களோடு விரிகிறது. முத்தும் உப்பும் விளைந்த இக்கரையிலும் ஆற்றின் இரு மருங்கிலும் தமிழும் தனக்கென ஒரு விளைச்சலைக் கண்டது. முக்கூடற் பள்ளும், திருக்குற்றாலக் குறவஞ்சியும், திருச்செந்தூர் நொண்டி நாடகமும் இந்நிலத்தில் எழுந்தவை. ஏட்டில் கிடந்து படிக்கப்படுவதோடு நில்லாமல், ஒருவர் நாவில் ஏறி, இன்னொருவர் காலில் அடவாகி, ஊர்ப் பொதுவில் ஆடப்பட வேண்டும் என்ற வேட்கையோடு பிறந்த இலக்கியங்கள் இவை. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தைத் தம் மார்க்கத்துக்கு உரியதாக்கி நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். செவியில் ஏறிய சந்தம் சமய எல்லையைக் கடந்து செல்லும் என்பதற்கு இக்கரையே சான்று.

இம்மரபின் வழித்தோன்றலாக வந்து, நாடகத் தமிழுக்குப் பிற்காலத்தில் தலைமையாசிரியர் எனப் போற்றப்பட்டவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர்தம் நாடகங்களைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அறியாத நாட்டுப்புறம் தென் தமிழகத்தில் இல்லை. ஆயினும் அவர் வாழ்வின் பெரும்பகுதி கழிந்த இடம் மேடையன்று. மேடைக்குப் பின்னால் இருந்த ஒத்திகைக் கூடமே ஆகும். அக்கூடத்தை ஒரு தமிழ்ப் பள்ளியாக மாற்றியதே அவருடைய தலையாய சாதனை எனலாம்.

உப்புக் கணக்கர்

1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் அவர் பிறந்தார். அன்று அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986க்குப் பின் தூத்துக்குடி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமகாதையை விரித்துரைப்பதில் வல்லவர். அதனால் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார். தாயார் பேச்சியம்மாள். கதையைக் கூட்டத்தின் முன் நின்று குரலால் நிகழ்த்திக் காட்டும் கலையை அச்சிறுவன் கண்டது தன் வீட்டுத் திண்ணையிலேயே ஆகும்.

தந்தையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி பழநித் தண்டபாணி சுவாமிகளிடம் முதிர்ந்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருக்கு ஒருசாலை மாணாக்கராக வாய்த்தார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடல்களும் இயற்றும் ஆற்றல் சங்கரனுக்குக் கைவந்தது. யாப்பைக் கற்றவர் பலர். யாப்பை மூச்சின் அளவாக உணர்ந்தவர் சிலரே. எவ்விடத்தில் குரல் ஏறும், எவ்விடத்தில் மூச்சு வாங்கும், எந்த எதுகை கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் செவியைத் தொடும் என்ற நுட்பம் பின்னாளில் அவர் பாடல்களில் துலங்குவதற்கு இவ்விளமைப் பயிற்சியே வித்து.

ஆனால் கவிதை சோறு போடவில்லை. தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக அமர்ந்தார். இத்தனை மூட்டை வந்தது, இத்தனை மூட்டை சென்றது என்று எழுதும் பணி அது. அப்பணியை அவர் 1891இல் துறந்தார். அப்போது வயது 24. அதே 1891ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அங்கே படித்த மேன்மக்கள் மாலை வேளையில் கூடி, ஊதியம் கருதாது நடித்தனர். இங்கே ஓர் உப்புக் கணக்கர் வயிற்றுப்பாட்டையே நாடகத்தின் மீது ஏற்றி வைத்தார். தமிழ் நாடகத்தின் இரு பெருவழிகள் ஒரே ஆண்டில் கிளைத்தன. ஒன்றுக்குச் சமூக மதிப்பு முதல் நாளே கிடைத்தது. மற்றொன்று கூத்தாடி என்ற வசையோடு நடக்கத் தொடங்கியது.

வேடம் கலைந்த விடியல்

இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோரின் நாடகக் குழுவில் அவர் நடிகராகச் சேர்ந்தார். உயர்ந்த உடலும் கனத்த குரலும் கொண்டவர்க்கு வாய்த்தவை இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள். காண்போர் குலை நடுங்கும்படி அவர் நடித்தார் என்பது அக்காலத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு விடியற்காலை. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, கரிய பூச்சும் கோரப்பல்லும் கலையாத கோலத்தில் அவர் முகம் கழுவ நீர்நிலைக்குச் சென்றார் என்றும், கருவுற்றிருந்த பெண் ஒருத்தி அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து கேடுற்றாள் என்றும் கூறுவர். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றோடு ஆர்ப்பரித்தபோது அரங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு இத்தகைய தீங்கு நேர்ந்தது என்று வேறொரு செய்தியும் உண்டு. சொல்பவர்க்கேற்ப விவரங்கள் வேறுபடும். முடிவு மட்டும் ஒன்றே. அதன் பின் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார்.

தம் கலையின் வெற்றியே ஓர் உயிருக்கு ஊறு செய்ததென்று அறிந்த கலைஞனின் மனநிலை எத்தகையதாக இருந்திருக்கும்! கைதட்டலை ஈட்டித் தந்த அதே முகத்தை அவர் தண்ணீரில் கரைத்துவிட்டார். அன்றிலிருந்து திரைக்கு முன்னால் அவருக்கு இடமில்லை, திரைக்குப் பின்னால்தான். சாமி நாயுடு நாடகக் குழுவில் ஆசிரியப் பொறுப்பை ஏற்று நாடகங்களை இயற்றவும் பயிற்றவும் தொடங்கினார்.

பின்னர் உலகியலில் பற்று நீங்கித் தலயாத்திரை மேற்கொண்டார். முருகனடியாராகத் துறவுக் கோலம் பூண்டார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இவ்வாறே. அலைந்து திரிந்த அத்துறவியைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் மகனாக ஏற்றுப் போற்றினார். சிற்றோசைக் கருவி எனக் கருதப்பட்ட கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த பெருங்கலைஞர் அவர். லய நுட்பங்களை அவரிடம் சுவாமிகள் கற்றுத் தேர்ந்தார். யாப்பறிவோடு தாள அறிவும் கூடியது. தந்தையாக வந்தவரின் தூண்டுதலால் சுவாமிகள் நாடக உலகுக்கே மீண்டார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் ஆகியோரின் குழுக்களில் ஆசிரியராக விளங்கினார்.

ஒழுங்கற்ற மேடையும் எழுதப்பட்ட பாடமும்

சுவாமிகள் நுழைந்த காலத்து நாடக மேடை எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் செய்த மாற்றத்தின் அளவு விளங்கும். தெருக்கூத்து ஒருபுறம், பார்சி, மராத்திக் குழுக்கள் கொண்டு வந்த வண்ணத் திரைகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் மறுபுறம். இரண்டுக்கும் இடையே தமிழ் நாடகக் கம்பெனிகள் தத்தளித்தன. கதைக்குச் சட்டகம் உண்டு. எழுதி வைத்த உரையாடல் பெரும்பாலும் இல்லை. பாட்டுகளுக்கு இடையே நடிகர்கள் தத்தம் மனம் போனவாறு பேசினர். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகக் கதையை மறந்து வாதிட்டனர். இராசபார்ட் நடிகரின் குரல்வளத்துக்காகக் கூட்டம் சேரும். அவர் வராவிட்டால் கொட்டகை காலியாகும். ஆகவே அவர் வைத்ததே சட்டம். ஒத்திகைக்கு வருவதும் வாராமையும் அவர் விருப்பம்.

இந்நிலையில் சுவாமிகள் எடுத்த முதல் ஆயுதம் எழுத்து. வெண்பா, விருத்தம், கொச்சகம், சிந்து, கண்ணி, கீர்த்தனை என யாப்பின் வகைகளையெல்லாம் கதைமாந்தரின் நிலைக்கேற்பப் பங்கிட்டார். இடையிடையே செப்பமான உரைநடையை அமைத்தார். திருக்குறளும் நாலடியும் ஒளவையின் நீதி நூல்களும் உரையாடலுக்குள் ஊடும் பாவுமாக வந்து அமர்ந்தன. பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்தறியாத உழவரும் மீனவரும் குறட்பாக்களைச் செவிவழியாகப் பெற்றனர். கோவலன், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, வள்ளி திருமணம், அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா, பிரகலாதன், நல்லதங்காள், இலவகுசா எனப் பல நாடகங்கள் பிறந்தன. ஏறத்தாழ 40 என்பர். அதனினும் மிகுதி என்பாரும் உண்டு.

ஏட்டுக் கவிதைக்கும் நாடகக் கவிதைக்கும் உள்ள வேற்றுமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஏட்டுக் கவிஞன் தன் குரலில் எழுதுகிறான். நாடகக் கவிஞனோ இன்னொருவர் தொண்டைக்காக எழுதுகிறான். உச்சத்தாயியை எளிதில் தொடும் சிறுவன் ஒருவன். மத்திமத்தில் நின்று உருகும் சிறுவன் இன்னொருவன். இசை சிறிதும் வாராது, சொல்லைத் தெளிவாக உரைக்க மட்டுமே வல்லவன் மூன்றாமவன். மூவர்க்கும் அதே கதையில் இடம் வேண்டும். எழுதிய சொல் எத்துணை அழகாயினும், ஒத்திகையில் நா தடுக்கினால் அச்சொல் பயனற்றது. ஒத்திகைக் கூடமே சுவாமிகளின் உரைகல்லாயிற்று.

கம்பெனி வீடு

எழுதிய பாடத்தைப் பிறழாமல் நடிக்கப் பெரியவர்கள் உடன்படவில்லை. ஆதலின் சுவாமிகளின் நோக்கு சிறுவர்பால் திரும்பியது. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். செங்கோட்டையில் 1906இல் பிறந்து, பிற்காலத்தில் தமிழகத்தையே தம் குரலால் ஆட்கொண்ட எஸ்.ஜி. கிட்டப்பா அச்சபையில் பயின்றவர். பின்னர் 1918இல் மதுரையில் நண்பர்களின் துணையோடு தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கினார். பெண் வேடத்தில் பேர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களோடு இச்சபையில் வந்து சேர்ந்தார். அம்மக்களே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் வழங்கிய இக்குழுக்களின் வாழ்க்கை தனி உலகம். கம்பெனி வீட்டில் சிறுவர் அனைவரும் ஒன்றாக உண்டு உறங்குவர். நாடகமில்லாத நாளில் காலையில் குரல் பயிற்சி, பின்னர்ப் பாடம், மாலையில் ஒத்திகை. பாடம் என்ற சொல்லே நாடக உலகில் தனிப்பொருள் உடையது. ஒவ்வொரு நடிகனும் மனனம் செய்ய வேண்டிய பகுதியே பாடம். வாத்தியார் சொல்லச் சொல்லச் சிறுவர் திரும்பச் சொல்வர். எழுத்தறிந்தவன் ஏட்டில் எழுதிக்கொள்வான். எழுத்தறியாதவன் காதால் பிடித்துக்கொள்வான். தன் பேச்சை மட்டும் கற்றால் போதாது. தனக்கு முன் பேசுபவனின் கடைசிச் சொல் எதுவென்று அறிந்திருக்க வேண்டும். அச்சொல் விழுந்தவுடன் தன் சொல் எழ வேண்டும். பிறன் பேசுவதைக் கேட்டு நிற்கும் பொறுமையை, பெரியவர்கள் கற்க மறுத்த அந்த ஒழுக்கத்தை, சிறுவர் முதலில் கற்றனர்.

ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டுவார். ஒருவன் சாவித்திரியாக அழுதுகொண்டிருக்க, மூலையில் மற்றொருவன் எமனின் விருத்தத்தை முணுமுணுப்பான். இராசபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் உரிய சிறுவர் நடுவில் நிற்க, தோழி, சேவகன், தேவர் கூட்டம் என்று சிறு வேடங்களுக்கு உரியோர் சுவரோரம் அமர்ந்து எல்லாப் பாடங்களையும் கேட்டுக்கொண்டிருப்பர். அவ்வாறு கேட்டுக்கேட்டே முழு நாடகமும் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். ஒருநாள் இராசபார்ட் நடிகனுக்குக் காய்ச்சல் வந்தால், சுவரோரத்துச் சிறுவன் கிரீடம் சூடுவான்.

நாடக இரவில் காட்சி மாறும். முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைத்த மணமும் விளக்கின் வெப்பமும் வேடம் கட்டும் அறையை நிறைக்கும். இரவு தொடங்கிய நாடகம் விடியும்வரை நீளும். தன் காட்சிக்கு நேரம் உள்ள சிறுவன் வேடத்தோடே திரைச்சீலைக் கட்டின்மீது உறங்கிவிடுவான். முறை வரும்போது யாரேனும் தட்டி எழுப்புவர். ஒரு நொடி முன்வரை தாய்வீட்டைக் கனவு கண்ட குழந்தை, மறுநொடி பக்தப் பிரகலாதனாக மேடையில் நின்று தூணிலும் துரும்பிலும் இறைவனைக் காட்டும். சபையோர் மெய்சிலிர்ப்பர். ஓரத்தில் நின்று, கண்ணைவிடச் செவியால் மிகுதியாகக் கவனித்துக்கொண்டிருப்பார் ஆசிரியர்.

ஓர் இரவின் விளைச்சல்

அச்சிறுவர்களில் சண்முகத்தின் திறமையைச் சுவாமிகள் கண்டுகொண்டார். சிறுவனே தலைமை ஏற்று நடிக்கத்தக்க நாடகம் ஒன்றை அவனுக்காகவே இயற்றக் கருதினார். அதுவே அபிமன்யு சுந்தரி. இரவு உணவுக்குப் பின் விளக்கின் அருகே எழுத அமர்ந்தவர், பொழுது விடிவதற்குள் பாடல்களும் உரையாடலுமாக முழு நாடகத்தையும் அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்தார். இச்செய்தியைச் சண்முகம் 1972இல் வெளிவந்த எனது நாடக வாழ்க்கை என்னும் தம் நூலில் வியப்போடு பதிவு செய்துள்ளார்.

ஓரிரவில் ஒரு நாடகம் என்பது அற்புதமாகவே கூறப்படுவதுண்டு. எனினும் அவ்வற்புதத்தின் பின்னால் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்து ஒத்திகை இருந்தது. எந்தச் சிறுவன் எந்தப் பாத்திரத்தை ஏற்பான், அவன் குரல் எதுவரை செல்லும், எந்த எழுத்தில் அவன் நா தடுக்கும் என்பவை யாவும் ஆசிரியரின் செவியில் முன்னரே பதிந்திருந்தன. எழுதும்போதே அவர் காதில் அச்சிறுவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெற்றுத் தாளைப் பார்த்து எழுதும் கவிஞனுக்கு இத்தகைய வேகம் கைகூடுவதில்லை. தனக்கு முன் வாழும் மனிதர்களை வைத்து எழுதியவர்க்கு அது கூடியது.

அபிமன்யுவாக நின்ற சிறுவன் வளர்ந்து, தன் தமையன்மாரோடும் தம்பியோடும் 1925இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினான். பின்னாளில் ஒளவை சண்முகம் எனத் தமிழுலகம் கொண்டாடும் நிலையை அடைந்தான். ஆசிரியரின் புகழ் மங்காது காத்ததில் அம்மாணவர்க்குப் பெரும்பங்கு உண்டு.

ஒளியின் பின் நிழல்

இவ்வொழுங்கின் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கம்பெனிச் சிறுவர் பலர் வறுமையின் பொருட்டே அனுப்பப்பட்டவர்கள். அவர்தம் சிறு ஊதியம் தொலைவில் இருந்த வீட்டு அடுப்பை எரித்தது. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. தந்தையும் உடன் வந்த சண்முகம் சகோதரர்கள் பேறு பெற்றவர்கள். அத்துணை பேறு வாய்க்காத சிறுவர் எத்தனையோ பேர். ஏக்கம் தாளாமல் இரவோடிரவாக ஓடிப்போவதும், பிடித்துக் கொண்டுவரப்படுவதும் பாய்ஸ் கம்பெனி வரலாற்றில் புதியன அல்ல. அடியும் உதையும் கல்வியின் பகுதி என்று நம்பிய காலம் அது.

அதனினும் கொடியது மகரக்கட்டு. குழந்தைக் குரல் உடைந்து ஆண் குரலாகும் பருவத்தை நாடக உலகம் இச்சொல்லால் குறித்தது. நேற்றுவரை கூட்டத்தைக் கட்டி இழுத்த குரல் ஒரு நாள் காலையில் கரகரத்துப் போகும். ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த சிறுவன் சேவகன் வேடத்துக்கு இறங்குவான். சிலர் படுதா இழுக்கும் வேலைக்குப் போயினர். சிலர் ஊருக்கே திரும்பினர். குரல் மீண்டும் அமைந்து எழுந்தவர் சிலரே. எழுத்தும் எண்ணும் முறையாகப் பயிலாத அப்பிள்ளைகளுக்குக் கையிருப்பாக எஞ்சியது சுவாமிகளின் நாடகப் பாடமே. பலர் அதை வைத்தே பிற்காலத்தில் வாத்தியார்களாகிப் பிழைத்தனர். ஒரு வாசலை அடைத்த அமைப்பு, இன்னொரு வாசலைச் சிறிதளவேனும் திறந்து வைத்தது.

நாவடங்கிய ஆசான்

விதியின் போக்கு சில வேளைகளில் நாடகாசிரியனின் கற்பனையையும் விஞ்சுகிறது. நூற்றுக்கணக்கான நாவுகளுக்குத் தமிழைப் புகட்டியவரின் நா இறுதிக் காலத்தில் அடங்கியது. பக்கவாதம் தாக்கிச் சுவாமிகளின் கைகால்கள் தளர்ந்தன, பேச்சும் தடைப்பட்டது. எனினும் அவர் சபையை விட்டு நீங்கவில்லை. சபையும் அவரை விடவில்லை. ஊர் ஊராகச் செல்லும் அக்குழுவோடு அவரும் சென்றார். தாம் எழுதிய சொற்களைத் தம் மாணவர் உரைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிழை நேர்ந்தால் திருத்திச் சொல்ல அவரால் இயலவில்லை. இளம் வயதில் முகத்தைத் துறந்தவரிடமிருந்து, முதுமையில் குரலும் விடைபெற்றுக்கொண்டது. எஞ்சியது செவி ஒன்றே.

1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அகவை 55. உறவென்று சொல்ல அருகில் இருந்தவர்கள் அவருடைய நாடகப் பிள்ளைகளே. கருவடிக்குப்பத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் பேச்சிழந்து வாழ்வை முடித்த அப்புதுவையில், பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரே பின்னாளில் சூட்டப்பட்டது.

ஒத்திகையில்லா மேடை

சுவாமிகளின் நாடகங்களில் பாடல் மிகுதி என்றும், நீதியுரை இடையூறாக நிற்கிறது என்றும், கதைப்போக்கு மெதுவாக நகர்கிறது என்றும் திறனாய்வாளர் குறை கூறுவர். கோவலன் நாடகம் சிலப்பதிகாரத்தை விட்டு விலகி நாட்டார் கதையின் வழியே செல்கிறது என்பதும் ஒரு குறை. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் படிக்கும் அறையில் அமர்ந்து எடுத்த அளவுகோலைக் கொட்டகைக்குக் கொண்டு செல்லும்போது கருத்தூன்றுதல் வேண்டும். விடியும்வரை விழித்திருக்க வந்த கூட்டத்துக்காக, தாம் அறிந்த கதையைத் தாம் விரும்பும் குரலில் கேட்க வந்தவர்க்காக அவை எழுதப்பட்டன. அவர்கள் தந்த தீர்ப்பு வேறாக இருந்தது.

அத்தீர்ப்பு இன்றும் தென் தமிழகத்தில் வழங்கப்பட்டு வருகிறது. கோயில் கொடை நாள்களில் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் வள்ளி திருமணம் நடைபெறும் முறையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு புலப்படும். இராசபார்ட் நடிகர் ஓர் ஊரிலிருந்து வருவார். வள்ளியாக நடிக்கும் பெண் வேறோர் ஊரிலிருந்து வருவார். நாரதரும் பபூனும் ஆர்மோனியக்காரரும் வெவ்வேறு திசையினர். முன்பின் அறியாதவர்கள் அன்றிரவு ஒப்பனைப் பந்தலில்தான் முகம் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஒத்திகை என்பது அறவே இல்லை. ஆயினும் திரை விலகியவுடன் ஒருவர் சொல் முடியுமிடத்தில் மற்றவர் சொல் எழுகிறது. சுருதியும் தாளமும் தவறுவதில்லை. நாரதரும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கத்தில் அவரவர் திறமைக்கேற்பப் புதியன புகுந்தாலும், பாட்டு தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

மனம் போனவாறு பேசிய நடிகர்களைக் கட்டுப்படுத்தவே சுவாமிகள் ஒத்திகையைக் கட்டாயமாக்கினார். அவர் பெயரைச் சொல்லி வாழும் இன்றைய மேடையிலோ ஒத்திகையே இல்லை. இது அவருடைய தோல்வி என்று தோன்றக்கூடும். உற்று நோக்கின் இதுவே அவருடைய பெருவெற்றி. மதுரைக் கம்பெனி வீட்டில் அவர் வாயிலிருந்து சிறுவர் செவிக்குச் சென்ற பாடம், அச்சிறுவர் வாத்தியார்களானபோது அடுத்த தலைமுறையின் செவிக்குச் சென்றது. அங்கிருந்து அதற்கடுத்த தலைமுறைக்கு. பாடம் ஒரு கம்பெனியின் உடைமையாக இருந்த நிலை மாறி, நாடகக் கலைஞர் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயிற்று. அவர்கள் யாவரும் ஒரே கூடத்தில் ஒத்திகை பார்த்தவர்கள்தாம். அக்கூடம் நூறாண்டு நீளம் உடையது.

சிறுவர்களே அனைத்து வேடமும் ஏற்ற அக்காலத்துக்குப் பின் மேடையில் பெண்டிர் எழுந்தனர். கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 1920களில் வள்ளியும் வேலனுமாக நின்று பாடியபோது, கடல் கடந்த கொழும்பிலும் கொட்டகைகள் நிரம்பின. தூத்துக்குடியிலிருந்து உப்பும் கருவாடும் சென்ற அதே கடல்வழியில், ஓர் உப்புக் கணக்கர் எழுதிய பாட்டும் சென்றது.

அவர் நினைவாக நாடகக் கலைஞர் சங்கங்கள் ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றன. மதுரையில் அவருக்குச் சிலையும் உண்டு. எனினும் அவர்க்குரிய மெய்யான நினைவிடம் கொடை நாளின் பின்னிரவில், பொருநைக் கரையின் ஏதோ ஓர் ஊரில், ஒப்பனைப் பந்தலின் ஓரத்தில் அமைகிறது. முகத்தில் பூச்சு ஏறிய நடிகர் ஒருவர், அன்றைக்குத்தான் அறிமுகமான துணை நடிகரிடம் எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்கிறார். சுவாமிகள் பாட்டிலிருந்து என்று விடை வருகிறது. அதற்குமேல் இருவர்க்கும் பேச வேண்டியது ஒன்றுமில்லை. ஆர்மோனியம் சுருதி கூட்டுகிறது, திரை விலகுகிறது.